ரப்பர் ஷீட்டுக்கு யாரு விலை வைக்கா?

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். உலகப் பொருளாதாரத்தை எப்படி படிக்கிறது, அதுக்கு மாற்றுன்னு ஏதாவது இருக்கான்னு பேச கூப்பிட்டிருக்காவ, பத்து நிமிஷமும் குடுத்திருக்காவ. உலகம் முழுசையும் பத்து நிமிஷத்துல முடிக்கணும் பாத்துக்கிடுங்க. அதனால நான் உலகத்தை அங்கேயே வச்சிட்டு ஒரே ஒரு ரப்பர் ஷீட்டை மட்டும் எடுத்துட்டு வாறேன்.

நான் காலேஜ்ல எக்கனாமிக்ஸ் நடத்தினவன். 2016 தொடக்கத்துல ஒரு நாள், போர்டுல டிமாண்டு சப்ளை கோடு ரெண்டையும் குறுக்க போட்டு, சரக்கு குறைஞ்சா விலை ஏறும்னு வழக்கம்போல சொல்லிட்டு இருக்கேன், பின் பெஞ்சுல இருந்து குலசேகரம் பக்கத்து பிள்ளை ஒண்ணு எந்திரிச்சு, "சார், நம்ம நாட்டுல ரப்பர் பத்தலன்னு தானே பேப்பர்ல போடுறாவ, அப்போ எங்க அப்பாவுக்கு கிலோவுக்கு நூறு ரூபா கூட ஏன் சார் கிடைக்கல?"ன்னு கேட்டுட்டா. நான் சாக்பீஸை கீழ வச்சிட்டு, அடுத்த கிளாஸ்ல பாப்போம்மான்னு சொல்லிட்டேன். உண்மையை சொன்னா அன்னைக்கு எனக்கு பதில் தெரியாது.

ஒரு சனிக்கிழமை அவ வீட்டுக்கு போனேன். அவ அப்பா விடியுறதுக்கு முன்னாடியே தலையில லைட்டை கட்டிட்டு மரத்துக்கு போயிருவாரு. கத்தி பட்டையில ஒரு நூல் கனத்துக்கு மேல போகக்கூடாது, போனா மரம் காயப்பட்டிரும். சிரட்டையில சொட்டு சொட்டா விழுற பாலை வெயில் ஏறுறதுக்குள்ள வாளியில சேத்து, அரிச்சு, தண்ணி கலந்து டிஷ்ல ஊத்தி, கொஞ்சம் ஆசிட் விட்டா மறுநாள் கட்டித் தயிர் மாதிரி உறைஞ்சு நிக்கும். அதை மெஷின்ல குடுத்து அடிச்சு, கோடு போட்டு, கொடியில காயப்போட்டு, புகைப்புரையில ஏத்தணும். இவ்வளவும் செஞ்சா ஒரு ஷீட், அரை கிலோ பக்கம் நிக்கும். கடையில கொண்டு போட்டா, கடைக்காரர் வெளிச்சத்துக்கு நேரா தூக்கி ஒரு பார்வை பாத்து ஆர்எஸ்எஸ் 4ன்னு சொல்லுவாரு. பேரை கேட்டு வேற எதுவும் நினைச்சிராதீங்க, கோடு போட்டு புகை போட்ட ஷீட்டுல நாலாம் தரம், அவ்வளவுதான். விலை ஏன் இப்படின்னு கேட்டா, கோட்டயத்துல அப்படித்தான் அண்ணாச்சின்னு சொல்லுவாரு. கேரளாவுல ரப்பர் விலை சொல்ற ஊரு அது.

கோட்டயத்துக்காரனை கேட்டா அவன் பாங்காக்கை பாக்கான், பாங்காக்குல சிங்கப்பூர், ஷாங்காய் முன்பேர சந்தையை பாக்காவ. அந்த சந்தையில மரத்தையே பாக்காத ஆளு, அடுத்த மாசத்து ரப்பரை இன்னைக்கே வாங்கி சாயங்காலத்துக்குள்ள வித்திருவான். இதுக்கு நடுவுல கச்சா எண்ணெய் வேற. செயற்கை ரப்பர் எண்ணெயில இருந்து வாறது, எண்ணெய் மலிஞ்சா அதுவும் மலியும், அது மலிஞ்சா நம்ம ஷீட்டும் சறுக்கும். 2014 நடுவுல 100 டாலருக்கு மேல நின்ன எண்ணெய், 2016 ஜனவரியில 30 டாலருக்கும் கீழ போச்சு. அதே சமயம் சீனாவுல வேகம் குறைஞ்சுது, முன்னாடி நல்ல விலை இருந்தப்போ தென்கிழக்கு ஆசியாவுல நட்ட மரமெல்லாம் பால் வெட்டுக்கு வந்துச்சு. ரப்பர் நட்டா வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும்லா, 2011ல 240 ரூபா பக்கம் விலை போனப்போ நம்மூர்லயும் வாழையை அழிச்சு கன்னு வச்சவங்க எத்தனை பேர்!

சரி, அந்த பிள்ளை கேட்ட கேள்விக்கு வாறேன். நாட்டுல சரக்கு பத்தலங்கிறது உண்மைதான், அப்புறமும் அப்படித்தான், 2023-24ல இந்தியாவுல உற்பத்தி 8.5 லட்சம் டன் சொச்சம், தேவை 14 லட்சம் டன்னுக்கு மேல. ஆனா பத்தாததை கப்பல் கொண்டு வருது. காய்ஞ்ச ரப்பருக்கு இறக்குமதி வரி 25 சதவீதம், இல்லன்னா கிலோவுக்கு 30 ரூபா, ரெண்டுல எது குறைவோ அது. பாங்காக்குல 100 ரூபான்னு வச்சுக்கிடுங்க, வரி 25, கூட கொஞ்சம் கப்பல் கூலி. அதுக்கு மேல நம்ம கடைக்காரர் கேட்டா டயர் கம்பெனிக்காரன் கப்பல்ல வாங்கிட்டு போவான். அதாவது உங்க தோட்டத்து விலைக்கு மேல ஒரு கூரை இருக்கு, அந்த கூரையை வேற ஊர்ல வேயுறாவ. என் போர்டுல இருந்த கோட்டுல இந்த கூரை இல்ல. கூரை என்ன, மரமே பிரேசில்ல இருந்து வந்ததுதானே, 1876ல விக்காம்னு ஒரு வெள்ளைக்காரன் 70,000 விதையை லண்டனுக்கு கொண்டு போனான், அங்க முளைச்ச கன்னு இலங்கைக்கு வந்து, அப்புறம் மலையடிவாரம் பூரா பரவிச்சு.

இப்போ மாற்று. இந்த வார்த்தையை ஏசி ரூம்ல உக்காந்து பேசி பேசியே தேய்ச்சிட்டாவ. ரப்பரை எல்லாம் வெட்டிப் போடுன்னு நான் சொல்லமாட்டேன், அப்படி சொல்றவன் கடன் வாங்கி கன்னு வச்சவன் கிடையாது. அந்த பிள்ளை வீட்டுல நான் பாத்தது என்னன்னா, அதே ரப்பர் மரத்துக்கு கீழ எட்டு தேன் பெட்டி. ரப்பர் தேன் பூவுல இருந்து வாறதில்ல தெரியுமா? மரம் இலையை உதுத்து புதுத்தளிர் விடும்போது, இலைக்காம்பு முடியுற இடத்துல, மூணு இலையும் சேருற மூட்டுல, சின்ன சுரப்பி இருக்கும், அதுல கசியுறதை தான் தேனீ எடுக்குது. பாலுக்கு ஒரு கத்தி, தேனுக்கு ஒரு பெட்டி, மரம் ஒண்ணுதான்.

மார்த்தாண்டத்துல 1920கள்ல ஒய்எம்சிஏங்கிற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தோட கிராம சேவை மையத்துல அமெரிக்கர் ஸ்பென்சர் ஹேட்ச் இருந்தப்போ தொடங்கி, அப்புறம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவு சங்கம்னு வளர்ந்த தொழில் இது. இதுவும் உலகத்துக்கு வெளிய இல்ல. 1991-92ல தாய் சாக் புரூட்னு வைரஸ் வந்து தென்னிந்தியாவுல பத்துல ஒன்பது கூட்டை காலி பண்ணிட்டு. விலையை இறக்கினதும் தாய்லாந்து சந்தை, நோய்க்கு பேரும் தாய்லாந்து, பாத்துக்கிடுங்க. ஆனா பொந்துலயும் பாறையிலயும் தப்பிச்ச கூட்டம் மிச்சம் இருந்துச்சு, அதை பிடிச்சு பெட்டியில வைக்க கைப்பழக்கம் உள்ள ஆளும் இருந்தாவ, அதுல இருந்து தான் திரும்ப வந்துச்சு. அந்த கூட்டம், அந்த கைப்பழக்கம், ரெண்டையும் எந்த துறைமுகத்துலயும் இறக்க முடியாது.

ஜே.சி.குமரப்பான்னு ஒருத்தர், தஞ்சாவூர்ல பிறந்தவர், லண்டன்ல கணக்கு தணிக்கை படிச்சிட்டு நியூயார்க்குல கொலம்பியா பல்கலைக்கழகத்துல பொருளாதாரம் படிச்சவர். காந்தி அவரை குஜராத்துல மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார், படிக்கிற பசங்களை கூட்டிட்டு ஊர் ஊரா போய் வீட்டு வரவு செலவை எழுதினார். தேனீ பூவுல இருந்து எடுக்குது, எடுக்கும்போதே மகரந்தம் சேத்து குடுத்துட்டும் போகுதுன்னு அதை ஒரு பொருளாதாரமா காட்டினவரும் அவர்தான். இதை நான் படிச்சது எப்பவோ, புத்தியில ஏறினது அந்த பெட்டி பக்கத்துல நின்னப்போ தான்.

அந்த வீட்டுக்கு போய் வந்த அடுத்த வாரம் எல்லா பிள்ளைகளுக்கும் 40 பக்க நோட்டு வாங்கி குடுத்து, ஒரு மாசம் வீட்டுக்கு வாறது எங்க இருந்து வருது, வீட்டுல இருந்து போறது எங்க போகுது, விலையை யார் சொன்னாவன்னு எழுத சொன்னேன். அந்த பிள்ளை நோட்டுல பாத்தா, அரிசி ஆந்திரா. நெல்லு விளையுற நாஞ்சில் நாட்டை பக்கத்துலயே வச்சிட்டு ஆந்திரா அரிசி! வீட்டு பின்னாடி ஆறு தென்னை நிக்குது, அடுப்புல ரேஷன் பாமாயில், கடல் தாண்டி வந்தது. ஷீட்டுக்கு நேரா விலை சொன்னது யாருங்கிற இடத்துல முதல்ல "கடை"ன்னு எழுதி, அடிச்சிட்டு "கோட்டயம்", அதையும் அடிச்சிட்டு "தெரியல"ன்னு எழுதியிருக்கா. கடைசி பக்கத்துல, தேன் நாலு பாட்டில், விலை சொன்னது அப்பா. பக்கத்துலயே சின்னதா, ஒரு பாட்டிலுக்கு மாமா இன்னும் காசு தரல.

வணக்கம்.