கொழுந்து லொறி என்னை முந்திச் சென்றது: டர்போவில் காற்றழுத்தம் குறைந்த கதை

வணக்கம். இன்று பயணக் காட்சி எதுவும் இல்லை. கொட்டகலையில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறேன். காலையிலிருந்து பனி விலகவில்லை, அதனால் காட்சி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். முன் சீட்டைத் தூக்கிவிட்டேன், கீழே என்ஜின் தெரிகிறதா? பழைய டீசல் வேன், கணினி எதுவும் இல்லை. புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுமே, இதன் அந்த டர்போவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு லிந்துலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். வேனில் பத்துப் பேர், கோயில் பயணம். மிதியை அடிவரை அழுத்தியும் இரண்டாம் கியரை விட்டு மேலே போக முடியவில்லை. பின்னால் கரும்புகை. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று ஹாரன் அடித்துவிட்டு என்னை முந்திச் சென்றது. பின் சீட்டிலிருந்த பாட்டி, "இறங்கித் தள்ளவா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் கராஜுக்குப் போனேன். எந்த ஊர், யாருடையது என்று கேட்காதீர்கள். பாஸ் இரண்டு தடவை என்ஜினை உறுமவிட்டார், காதைக் கொடுத்துக் கேட்டார், "டர்போ முடிந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்று எடுக்கலாம்" என்றார். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம் அது; ரீகண்டிஷன் என்றால் பாவித்துச் சீர்செய்தது. அவர் சொன்ன விலைக்கு நான் நான்கு மாதம் ஹையர் ஓட வேண்டும். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "மலையில் காற்று மெல்லிசு, அதுதான்" என்றார்.

அந்த மலைக்காற்றுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 0.8 பார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் என்ஜின் கொஞ்சம் சோர்வது உண்மை. ஆனால் பூஸ்ட் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ எவ்வளவு சேர்க்கிறது என்பதை; அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். பூஸ்ட் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் மூடிதான் வேஸ்ட்கேட். அதைத் திறக்கும் ஆக்சுவேட்டரும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. எனவே மலையிலும் மீட்டரில் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். அதுவுமில்லாமல், இந்த வேன் இதே ஏற்றத்தில் எட்டு வருடம் ஓடியிருக்கிறது. மலை திடீரென்று வளர்ந்துவிடவில்லை.

சரி, மீட்டரை எப்படி மாட்டினேன் என்று பாருங்கள். என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் போகும் இந்தச் சின்ன ஹோஸை வெட்டி நடுவில் ஒரு 'டி' இணைப்பு. அதிலிருந்து மூன்று மீட்டர் பிளாஸ்டிக் குழாய், ஜன்னல் வழியாக உள்ளே. மீட்டரை என் தம்பி மடியில் வைத்துக்கொண்டு படித்தான். கையேட்டின்படி 0.6 முதல் 0.75 பார் வரை வர வேண்டும். முழு மிதியில் 0.35. அதற்குமேல் முள் அசையவே இல்லை.

அதற்கு முன்பே ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருந்தேன், கசிவு இல்லை. ஏர் ஃபில்டர் சுத்தம். டர்போவின் தண்டை விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறது, முன்னும் பின்னும் ஆடவில்லை, எண்ணெய் ஒழுகவில்லை. முடிந்துபோன டர்போ இப்படி இருக்காது.

இப்போது கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோகிறேன். தகர டப்பா மாதிரி இருக்கிறதே, இதுதான் ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதன் பின்னால் ஸ்பிரிங். டர்போவின் காற்று இந்த ஹோஸ் வழியாக வந்து சவ்வை அழுத்தும். அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றால் கம்பி வெளியே நீளும். கம்பி நீண்டால், புகை சுழற்றும் சக்கரமான டர்பைன் பக்கத்து வேஸ்ட்கேட் மூடி திறந்து, புகை டர்பைனைச் சுற்றாமல் வெளியே போய்விடும். ஸ்பிரிங் தளர்ந்தால் மூடி நேரத்துக்கு முன்பே திறந்துவிடும்.

கம்பியில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருக்கிறேன், எழுத்துப் பிழை திருத்தும் மையால். ஹோஸைக் கழற்றி, மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டி மெதுவாக அடித்தேன். 0.25 பாரில் கோடு நகர ஆரம்பித்துவிட்டது! கையேட்டில் 0.6க்குப் பக்கத்தில்தான் நகர வேண்டும். பம்பை நிறுத்தினால் அழுத்தம் அப்படியே நிற்கிறது, அதாவது சவ்வு கிழியவில்லை.

இந்த இடத்தில் பலரும் குழம்புகிறார்கள். சவ்வு கிழிந்தால் பூஸ்ட் குறையும் என்று கராஜில்கூடச் சொன்னார்கள். என் வேனில் உள்ள இந்த வகை ஆக்சுவேட்டரில் சவ்வு கிழிந்தால் மூடி திறக்கவே திறக்காது, பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறும். புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் மூடிக்குப் பதிலாக டர்போவுக்குள் இதழ்கள் அசைந்து பூஸ்டைக் கட்டுப்படுத்தும், அவற்றில் பலவற்றை வெற்றிடம்தான் இழுக்கும். அங்கே சவ்வு கிழிந்தால் பூஸ்ட் குறையும். இரண்டையும் ஒரே கதையாக்கிவிடுகிறார்கள். அந்த வண்டிகளை ஸ்கேன் செய்தால் பி0299 என்ற குறியீடு வரும். அது பூஸ்ட் குறைவு என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

இன்னொரு சோதனை. இந்தச் சின்னக் கிளிப்பைக் கழற்றி, கம்பியை மூடியின் முளையிலிருந்து எடுங்கள். மூடியை விரலால் மூடிப் பிடித்தால், கம்பியின் ஓட்டை முளைக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். கம்பியைப் பலமாக இழுத்துத்தான் மாட்ட முடியும். என்னுடையது தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது. அதோடு மூடியின் தண்டு கரி பிடித்து இறுகியிருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கம்பி நுனியில் மறை (திருகு வரி) இருந்தால், அதைத் திருகிக் கம்பியைச் சுருக்கி ஸ்பிரிங்கை இறுக்கலாம். நானும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கி 0.5 வரை கொண்டுவந்தேன். நான்கு நாள் ஓடியது. அதை நிரந்தரமாக விட எனக்கு மனம் வரவில்லை. கம்பியை அதிகமாகச் சுருக்கினால் மூடி முழுவதும் திறக்காது, வேகத்தில் பூஸ்ட் கட்டுக்கு மீறும். பிறகு பிஸ்டன் செலவைப் பார்க்க வேண்டிவரும்.

புது ஆக்சுவேட்டர் மட்டும் வாங்கினேன். ரீகண்டிஷன் டர்போ விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நேற்று அதே நானுஓயா ஏற்றம், அதே பத்துப் பேர் எடை, மணல் மூட்டைகளாக. மூன்றாம் கியரில் 0.68 பார். புகை இல்லை.

மீட்டர் குழாய் இன்னும் ஜன்னல் வழியாகத்தான் போகிறது. கண்ணாடியை முழுவதும் ஏற்ற முடியாமல் தம்பியின் தோள் நனைகிறது. நாளைக்கு அதைக் கழற்றி, வெட்டிய இடத்தில் புது ஹோஸ் மாட்ட வேண்டும்.