சென்சாரை எந்தத் தொட்டியில் வைப்பது?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். பட்டறைக்காரர்களானாலும் தோட்டக்காரர்களானாலும், மோட்டார் போன்றவற்றைத் தானாக இயக்கும் கன்ட்ரோலர் என்றதும், "எத்தனை சென்சார் வைக்கணுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கே வைப்பது என்று முதலில் கேளுங்கள் என்பேன்.

ஒரு தோட்டத்தில் இரண்டு தொட்டிகள். போர்வெல் மோட்டார் மேல்தொட்டியை நிரப்புகிறது. அதிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கீழ்தொட்டியில் விழுந்து, அப்புறம் சொட்டுநீருக்குப் போகிறது. மோட்டாரை ஒரே சீராக ஓட்ட இரண்டு மட்டமும் தெரிய வேண்டும். கையில் சென்சார் ஒன்றுதான். அதைக் கீழே வையுங்கள். கீழ்மட்டம் ஏறும் வேகத்திலேயே மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மேலே வைத்தால், கீழ்தொட்டியின் சேதி அங்கே வந்து சேர வழியே இல்லை. எந்த இடத்து அளவு எதையெல்லாம் சொல்லும் என்பதற்கு 1960-ல் கட்டுப்பாட்டுப் பொறியியல் அறிஞர் ருடால்ஃப் கால்மன் கணக்கு வகுத்தார்.

1964-ல் அதே துறையைச் சேர்ந்த டேவிட் லூயன்பெர்கர் அடுத்த வழியைக் காட்டினார். கன்ட்ரோலருக்குள் தொட்டிகளின் நகல் ஒன்று கணக்காக ஓடும். மோட்டாருக்குப் போகும் கட்டளை நகலுக்கும் போகும். நகல் சொல்லும் கீழ்மட்டத்துக்கும் சென்சார் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து நகலை ஓயாமல் திருத்த வேண்டும். இதுதான் அப்சர்வர். எல்லாவற்றையும் அளந்துவிட்டதாகவே நினைத்துக் கன்ட்ரோலரை வடிவமைக்கலாம், அப்சர்வரைத் தனியாக வடிவமைக்கலாம். நகலுக்கு அடிப்படையான கணக்கு, அதாவது மாதிரி, சரியாக இருந்தால், லீனியர் அமைப்பில் (காரணம் இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் அமைப்பில்) இரண்டையும் இணைத்தபின்னும் நிலைத்தன்மை குலையாது, அதாவது மட்டம் கட்டுக்கடங்காமல் ஆடாது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த உண்மை இது.

சரி, மாதிரி தவறினால்? நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டு தொட்டிக்கும் நடுவே உள்ள குழாயில் உப்புப் படிந்து துவாரம் சுருங்கினால் கீழ்மட்டம் மெதுவாக ஏறும். மேலே தண்ணீர் குறைந்துவிட்டது என்று அப்சர்வர் நினைக்கும், மோட்டார் கூடுதலாக ஓடும், மேல்தொட்டி வழிந்துவிடும். சென்சார் அளவில் கலக்கும் இரைச்சலையும் கணக்கில் எடுத்துத் திருத்தும் கால்மன் வகை அப்சர்வரோடு சேர்த்த கன்ட்ரோலர், மாதிரிப் பிழையை இவ்வளவு தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் தர முடியாது என்பதை 1978-லேயே ஜான் டாய்ல் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். அதனால் குழாயைச் சற்று அடைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மேல்தொட்டியில் கணக்கோடு சம்பந்தமில்லாத ஒரு மிதவை சுவிட்சை வைத்து, தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் மோட்டார் தானாக நிற்கும்படி இணைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.