பெயர் அச்சிடப்படாத குரல்: லொலீட்டா ஹாலோவே

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1989ஆம் ஆண்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்பனையான, சிங்கிள் எனப்படும் ஒற்றைப் பாடல் இசைத்தட்டு, பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு வெளியிட்ட 'ரைடு ஆன் டைம்'. தொடர்ந்து ஆறு வாரங்கள் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அந்தப் பாடலுக்குத் தொலைக்காட்சியில் பாடகியாகத் தோன்றியவர் கத்ரீன் கினோல் என்ற பிரெஞ்சு மாடல் அழகி. அவர் வாயசைத்தார். ஒலித்த குரல், அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த, அப்போது 42 வயதான லொலீட்டா ஹாலோவேயுடையது. ஆனால் பாடகி என்று அவருடைய பெயரை அந்த வெளியீடு சொல்லவில்லை.

ஹாலோவேயைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சம்பவத்தோடு தொடங்கி இதிலேயே முடித்துவிடுகிறார்கள். அவரைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் நினைவில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் இன்னொரு அநீதி என்று நான் கருதுகிறேன். அந்தக் குரல் எங்கே உருவானது, அதில் பிறரை எடுத்துக்கொள்ளத் தூண்டிய சிறப்பு என்ன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லொலீட்டா ஹாலோவே 1946ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பிறந்தார். அவருடைய தாயார் சிகாகோவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவை நடத்திவந்தார். மகள் பாடத் தொடங்கியது அந்தக் குழுவில்தான். பின்னர் 1967 முதல் 1971 வரை ஆல்பர்ட்டினா வாக்கர் தலைமையிலான கேரவன்ஸ் என்ற, காஸ்பெல் எனப்படும் கிறிஸ்தவ பக்தி இசையைப் பாடும் புகழ்பெற்ற குழுவில் பாடினார். ஷெர்லி சீசர், ஐனெஸ் ஆண்ட்ரூஸ் போன்ற பெரும் பாடகிகள் முன்பு பாடிய குழு அது. அங்கே இடம் கிடைப்பதே ஒரு தகுதிச் சான்று என்று சொல்லலாம்.

கறுப்பின மக்களின் தேவாலயங்களில் காஸ்பெல் பாடப்படும் முறையைச் சற்று விளக்க வேண்டும். பாட்டு தன் சரணங்களை முடித்துக்கொண்ட பிறகுதான் அங்கே உண்மையான பாடல் தொடங்குகிறது. வாத்தியங்கள் ஒரே சிறு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, கூட்டுக்குரல்கள் ஒரே சொற்றொடரை விடாமல் பிடித்துக்கொள்ள, முன்னணிப் பாடகி அதன்மேல் தன் மனம்போல் சொற்களைச் சேர்த்தும் இழுத்தும் உடைத்தும், சபை முழுவதும் எழுந்து நிற்கும்வரை குரலை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போவார். எழுதிவைத்துப் பாடக்கூடியதல்ல அது. பாடகியின் மூச்சும் துணிவும் அந்த நொடியில் எழும் கற்பனையும் சேர்ந்து பிறப்பது. ஹாலோவே பின்னாளில் நடன மேடைகளுக்காகப் பாடிய ஒவ்வொரு பாட்டிலும் இந்தப் பயிற்சி கேட்கிறது.

1970களின் தொடக்கத்தில் அவர், காஸ்பெல் பாணியில் காதலையும் வாழ்க்கையையும் பாடும் சோல் இசைக்கு வந்தார். ஃபிலாய்டு ஸ்மித் அவருடைய தயாரிப்பாளராகவும் பின்னர் கணவராகவும் ஆனார். ஸ்மித் சாதாரணமானவர் அல்லர்; 1939ஆம் ஆண்டிலேயே ஆண்டி கிர்க்கின் இசைக்குழுவில் மின் கிதார் வாசித்துப் பெயர் பெற்றவர். அட்லாண்டாவின் அவேர் நிறுவனத்துக்காக ஹாலோவே இரண்டு ஆல்பங்கள் பாடினார். அவற்றில் 1975இல் வெளிவந்த 'கிரை டு மீ' என்ற மெதுவான பாடல், அமெரிக்க இசை இதழான பில்போர்டு வெளியிடும், ஆர் அண்ட் பி எனப்படும் கறுப்பின மக்களின் வெகுஜன இசைக்கான தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் சென்றது. நடனத் தாளம் எதுவும் இல்லாமல் இந்தக் குரல் எவ்வளவு கனிவாக இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் நிறுவனத்தின் உரிமையாளர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ள, நிறுவனம் மூழ்கியது.

அடுத்து வந்தது சால்சோல் காலம். பிலடெல்பியாவின் சிக்மா சவுண்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்துவந்த கிதார் கலைஞர் நார்மன் ஹாரிஸ், நியூயார்க்கின் சால்சோல் நிறுவனத்தின் கீழ் கோல்டு மைண்ட் என்ற கிளை நிறுவனத்தைத் தொடங்கி, ஹாலோவேயை அழைத்துக்கொண்டார். டிரம்ஸில் எர்ல் யங், பேஸ் கிதாரில் ரானி பேக்கர் என்று அவருடைய கூட்டாளிகளும் முதல்தரமானவர்கள். 1970களின் நடன இசையான டிஸ்கோவின் அடையாளமாகிவிட்ட சீரான நாலடித் தாளத்தை உருவாக்கியவர்களுள் எர்ல் யங் முக்கியமானவர்.

அதே சமயத்தில் இசைத்தட்டின் வடிவமும் மாறிக்கொண்டிருந்தது. சால்சோல் 1976இல்தான் 12 அங்குல சிங்கிள் தட்டை முதன்முதலாகக் கடைகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று நிமிடங்களில் முடிய வேண்டிய பாட்டுக்குப் பத்து நிமிட இடம் கிடைத்தது. ஹாலோவே 1977இல் பாடிய 'ஹிட் அண்ட் ரன்' பாடலை டிஜே வால்டர் கிப்பன்ஸ் இந்தப் பெரிய தட்டுக்காக மறுகலவை செய்தபோது, பாட்டின் தொடக்கச் சரணங்களை வெட்டிவிட்டு, முடிவில் ஹாலோவே தன் போக்கில் கெஞ்சியும் அதட்டியும் கத்தியும் பாடிய பகுதியையே பாட்டின் நடுநாயகமாக ஆக்கினார். பதினோரு நிமிடங்கள் ஓடும் அந்தப் பதிவைக் கேட்பவர்களுக்கு, தேவாலயத்தில் நடந்தது அப்படியே நடன அரங்குக்கு இடம்பெயர்ந்திருப்பது தெளிவாகப் புரியும். தாளம் நிற்காமல் ஓட, அதன்மேல் ஒரு குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்கோவில் பாடகிக்கு வேலை குறைவு என்று சொல்பவர்கள் இந்தப் பதிவைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1979இல் அமெரிக்கப் பாடகரும் தயாரிப்பாளருமான டான் ஹார்ட்மன் தம்முடைய 'ரீலைட் மை ஃபயர்' பாடலில் ஹாலோவேயைப் பாடவைத்தார். அடுத்த ஆண்டு, ஹார்ட்மன் எழுதித் தயாரித்த 'லவ் சென்சேஷன்' வந்தது. அந்தப் பாடலை ஹார்ட்மன் எத்தனையோ முறை திரும்பத் திரும்பப் பாடச் சொன்னதாகவும், தொண்டை கட்டிப்போக, காபியில் விக்ஸ் கலந்து குடித்துவிட்டுப் பாடி முடித்ததாகவும் ஹாலோவே பின்னாளில் கூறினார். அந்தக் காபியை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னர் உலகெங்கும் வெட்டி ஒட்டப்பட்ட அந்த உச்சக் குரல், ஒரு பெண் தன் தொண்டையை வருத்திக் கொடுத்த உழைப்பு.

'லவ் சென்சேஷன்' 1980இல் பில்போர்டின் நடனத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. ஆனால் காலம் சாதகமாக இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஹாலோவேயின் சொந்த ஊரான சிகாகோவிலேயே, கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ எதிர்ப்பு என்ற பெயரில் அங்கே கொண்டுவரப்பட்ட தட்டுகளில், டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. வானொலி நிலையங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. 1980களின் நடுவில் சால்சோலும் ஓய்ந்தது.

ஆனால் அதே சிகாகோவின் வேர்ஹவுஸ் நடன அரங்கில் ஃபிராங்கி நக்கிள்ஸ் போன்ற டிஜேக்கள் பழைய சால்சோல் தட்டுகளைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டார்கள். அங்கிருந்து ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பிறந்தது. வாத்தியங்கள் இல்லாமல் குரல் மட்டும் தனித்துள்ள பதிவுகள் டிஜேக்களின் கைகளில் புழங்கின. 'லவ் சென்சேஷன்' பாடலின் அப்படிப்பட்ட பதிவிலிருந்துதான் பிளாக் பாக்ஸ் குழுவினர் ஹாலோவேயின் குரலை வெட்டி எடுத்துத் தங்கள் தாளத்தின்மேல் ஒட்டினார்கள்.

இதில் உரிமைச் சிக்கலைப் புரிந்துகொள்வது அவசியம். ஒரு பாட்டின் சொற்களும் மெட்டும் எழுதியவருக்கு உரியவை. ஒலிப்பதிவு அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு உரியது. 'லவ் சென்சேஷன்' பாடலைப் பொறுத்தவரை முதலாவது ஹார்ட்மனிடமும் இரண்டாவது சால்சோலிடமும் இருந்தன. பாடியவருக்கு ஒப்பந்தப்படி நிறுவனம் கொடுக்கும் பங்கைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. தன் குரல் உலகம் முழுவதும் ஒலிக்க, அதனால் தனக்குப் பயன் ஏதும் இல்லை என்று ஹாலோவே வெளிப்படையாகவே கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் எள்ளளவும் மிகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சட்ட நடவடிக்கைக்குப் பிறகு, தொகை வெளியிடப்படாத ஓர் உடன்பாட்டின்படி அவருக்குப் பணம் கிடைத்தது. 'ரைடு ஆன் டைம்' பாடலுக்கு, ஹெதர் ஸ்மால் என்ற பாடகி பாடிய மாற்றுப் பதிவு ஒன்றும் வெளியானது. அதே பிளாக் பாக்ஸ் குழுவின் வேறு பாடல்களைப் பாடிய மார்த்தா வாஷும் தன் குரலுக்கு வேறொருவர் வாயசைத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பாடியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் வலுப்பெற்றதில் அவருடைய போராட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1991இல் அதே 'லவ் சென்சேஷன்' குரல் மீண்டும் ஒலித்தது. இன்று நடிகராக அறியப்படும் மார்க் வால்பெர்க், அன்று மார்க்கி மார்க் என்ற பெயரில் வெளியிட்ட 'குட் வைப்ரேஷன்ஸ்' அது. இம்முறை தட்டில் லொலீட்டா ஹாலோவே என்ற பெயர் அச்சிடப்பட்டிருந்தது. காணொளியில் அவரே தோன்றிப் பாடினார். அந்த ஆண்டு அக்டோபரில் அந்தப் பாடல் அமெரிக்காவின் பொதுத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது.

2011 மார்ச் 21ஆம் நாள், தம்முடைய 64ஆம் வயதில் ஹாலோவே காலமானார். அவரைப் புதிதாகக் கேட்க விரும்பும் நேயர்கள் 'கிரை டு மீ' பாடலை முதலிலும், 'ஹிட் அண்ட் ரன்' பாடலின் 12 அங்குலப் பதிவை அடுத்தும், 'லவ் சென்சேஷன்' பாடலை அதன் பிறகும் கேட்கும்படி பரிந்துரைக்கிறேன். வணக்கம்.