விட்டுப்போன ஆறு மாம்பழம்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த ஒரு மாலையில், கவனம் நிற்காத பிள்ளைகளைப் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பட்டறையைச் சாத்திவிட்டு அப்படியே வந்திருக்கிறீர்கள். அதனால் நேராகக் கணக்குக்கே வருகிறேன்.

ஒருவர் 3 டஜன் மாம்பழத்தை 360 ரூபாய்க்கு வாங்குகிறார். 6 பழம் அழுகிவிடுகிறது. மீதியை ஒன்று 15 ரூபாய் என்று விற்கிறார். லாபம் எவ்வளவு?

90 ரூபாய். கணக்கு ஆசிரியராக இருந்தபோது எட்டாம் வகுப்பில் இதைக் கொடுத்தேன். ஒரு பையன் 180 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் 'கவனம் இல்லை' என்று எழுதினேன். அந்த வருடம் முழுக்க அவன் நோட்டில் அதையேதான் எழுதினேன்.

அந்த 180 எப்படி வந்தது என்று நான் பார்க்கவே இல்லை. 36ஐ 15ஆல் பெருக்கினால் 540. அதில் 360 போனால் 180. டஜனைப் பழமாக மாற்றியிருக்கிறான், பெருக்கியிருக்கிறான், முதலைக் கழித்திருக்கிறான். எல்லாம் சரி. அழுகிய 6 பழம் மட்டும் நடுவழியில் விட்டுப்போயிற்று. யோசிக்கத் தெரியாத பையனுக்கு இந்தத் தப்பு வராது.

அவன் சேட்டை செய்யமாட்டான். ஜன்னல் ஓரம் அமைதியாக உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவான். வாரத்துக்கு ஒரு பேனா தொலைப்பான். வீட்டுப்பாடம் செய்திருப்பான், நோட்டு வீட்டிலேயே இருக்கும். ஒருநாள் கொலுசு மாற்றுவதற்காக அவன் அப்பாவின் பட்டறைக்குப் போயிருந்தேன். பையன் குனிந்து கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் தலை நிமிரவில்லை. "இதெல்லாம் நல்லாத்தான் செய்யறானுங்க சார், படிப்புலதான் சோம்பேறி" என்றார் அப்பா. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்குத் தலையாட்டியது இன்னும் என்னை உறுத்துகிறது. பிறகு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாட்டைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம்.

ஏ.டி.எச்.டி. என்றால் ஓடி ஆடிக்கொண்டே இருக்கும் பிள்ளை என்றுதான் நினைக்கிறோம். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தார்கள். 1968இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இதற்கு இருந்த பெயரே அடங்காத துறுதுறுப்பைக் குறிப்பதுதான். 1980இல்தான் கவனக்குறைவு என்ற சொல் பெயருக்குள் வந்தது. துறுதுறுப்பே இல்லாமலும் இது இருக்கலாம் என்றும் எழுதினார்கள். இதில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. பையன் என்றால் சேட்டை செய்வான் என்று எதிர்பார்க்கிறோம். செய்யாதவனை 'நல்ல பையன், மந்தமானவன்' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? 7, 4, 1, 9 என்று சொல்கிறேன், பின்னாலிருந்து சொல்லுங்கள். 9, 1, 4, 7. நான்கையும் மனதில் பிடித்துக்கொண்டே திருப்பி அடுக்கினீர்கள் இல்லையா? பிடித்துக்கொண்டே வேலை செய்யும் அந்த இடத்துக்குச் செயல்பாட்டு நினைவு என்று பெயர். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த இடம் சிறியது. அறிவு குறைவு என்று அர்த்தம் இல்லை. கைப்பலகை சின்னதாக இருந்தால் நல்ல ஆசாரிக்கும் சாமான் கீழே விழத்தான் செய்யும். கொலுசு பற்றவைக்கும்போது அடுத்த வேலை கண்ணெதிரே இருக்கிறது. பற்றவைக்கும் பொடி உருகியதா இல்லையா என்பது அந்த நொடியே தெரிகிறது. கணக்கு நோட்டோ திருத்தி வர மூன்று நாள் ஆகும்.

2007இல் அமெரிக்காவில் ஆய்வாளர் பிலிப் ஷா குழுவினர் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் மேலுறை தடித்து முதிர்வது மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை வயதில் என்றால், இவர்களுக்குப் பத்தரை வயதில். அதே வரிசை, அதே வழி; மூன்று வருடம் தாமதம். பத்து வயதுப் பையனை "உன் வயசுப் பசங்களைப் பாரு" என்று சொல்லும் அம்மாக்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. ஓட்டுநர் எத்தனையாவது வளைவு என்று மனதில் எண்ணிக்கொண்டு போகவேண்டியதில்லை. கண் சாலையில் இருக்கலாம். பிள்ளைக்கும் அப்படிப் பலகை நட்டுக்கொடுங்கள். கணக்கைப் படித்ததும் '6 அழுகியது' என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். "குளிச்சுட்டு, பை அடுக்கி, டிபன் எடுத்து, தண்ணி பிடிச்சுட்டு வா கண்ணு" என்று ஒரே மூச்சில் சொன்னால் தண்ணி மட்டும்தான் வரும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அல்லது கதவில் எழுதி ஒட்டுங்கள். இருபது கணக்குக்குப் பதில் ஐந்து கொடுத்து உடனே பார்த்துச் சொல்லுங்கள்.

நினைவாற்றலை வளர்க்கிறோம் என்று கம்ப்யூட்டர் விளையாட்டுப் பயிற்சிக்குப் பணம் கேட்பவர்கள் உண்டு. அந்த விளையாட்டில் பிள்ளை தேறுவான். அந்தத் தேர்ச்சி கணக்குக்கும் வாசிப்புக்கும் வருவதில்லை என்று 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் வெள்ளைப் பலகையும் வாங்கலாம்.

ஆனால் நாமாகவே பெயர் சூட்டிவிடக்கூடாது. காது, கண் முதலில் பாருங்கள். தூக்கம் போதாமல், இரும்புச்சத்துக் குறைந்தும் இப்படி இருப்பார்கள். சில நொடிகள் வெறித்துப் பார்த்து, பேச்சு பாதியில் நின்று, தொட்டாலும் திரும்பாமல் இருந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள். ஏ.டி.எச்.டி.யா என்று முடிவு செய்ய, அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த வாசலுக்குப் போக வெட்கம் வேண்டாம். மருந்து வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், பயப்படாமல் கேள்வி கேளுங்கள்: பசி குறையுமா, தூக்கம் கெடுமா, எத்தனை நாளில் திரும்ப வரவேண்டும்?

ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். நாளைக்குத் தாள் திருத்தும்போது எங்காவது ஒரு 180 வரும். அதைச் சுழிப்பதற்கு முன்னால் அந்தப் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இது எப்படி வந்துச்சு, சொல்லு சாமி" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.