எங்கள் காசுதான் காசி வரை போனது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'கிரெடிட் கார்டு பாயிண்டில் பயணம் போவது கெட்டிக்காரத்தனமா, ஏமாளித்தனமா?' இதுதான் இன்றைய தலைப்பு. கார்டில் செலவு செய்தால் வங்கி பரிசாகப் போடுகிறதே, அந்தப் பாயிண்டைத்தான் சொல்கிறோம். கெட்டிக்காரத்தனமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா மூன்று அம்புகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வங்கி எதையும் சும்மா கொடுக்காது என்றார். பாயிண்டுக்கு ஆசைப்பட்டுக் குடும்பங்கள் கடனில் விழுகின்றன என்றார். ஆசை ஆசையாகச் சேர்த்த மைல், அதாவது டிக்கெட் எடுக்க விமான நிறுவனம் தரும் பாயிண்ட், ஒருநாள் செல்லாக்காசாகிவிடும், ஜெட் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் கதையைப் பாருங்கள் என்றார். மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள். மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

வங்கி சும்மா கொடுக்காது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தப் பாயிண்ட் எங்கிருந்து வருகிறது? சூப்பர் மார்க்கெட்டில் ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கி கார்டைத் தேய்க்கிறோம். கடைக்காரர் கணக்கில் ஆயிரமும் முழுதாக ஏறுவதில்லை. ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 20 ரூபாய், வழியிலேயே பிடிக்கப்பட்டுவிடுகிறது. அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்த இருபதைக் கடைக்காரர் தன் கைக்காசிலிருந்தா போடுவார்? துவரம்பருப்பு விலையிலேயே அதுவும் சேர்ந்துதான் இருக்கிறது. ரொக்கமாக நீட்டுகிறவரும் அதே விலையைத்தான் கொடுத்துவிட்டு வருகிறார். ஆக, நம்மிடம் ஏற்கனவே வாங்கிவிட்ட காசில் ஒரு பங்குதான் பாயிண்டாகத் திரும்பி வருகிறது. நம் காசை நாம் திரும்ப வாங்குவதில் என்ன ஏமாளித்தனம் இருக்கிறது நடுவர் அவர்களே? கடைக்காரரே 'கார்டுன்னா 2 பர்சன்ட் தனியா ஆகும்மா' என்று சொன்னால், அந்த இடத்தில் நான் கார்டை எடுப்பதே இல்லை. யூபிஐதான்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மளிகை, மருந்து, மின்கட்டணம், போன் பில், பிள்ளைகளின் புத்தகம், துணிமணி என மாதம் முப்பதாயிரம் கார்டில் போகிறது. எல்லாம் கார்டு இல்லாவிட்டாலும் ஆகியிருக்கும் செலவுதான். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். எல்லாச் செலவுக்கும் பாயிண்ட் ஒரே மாதிரி விழாது. பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் கிடையாது. அதையெல்லாம் பார்த்து, எதற்கு எந்தக் கார்டு என்று பிரித்து வைத்துக்கொண்டால் 2 சதவீத மதிப்பு தேறும். ஆண்டுக்கு 7,200 ரூபாய்.

இப்போது இரண்டாவது அம்பு. மாதாமாதம் வருகிற ஸ்டேட்மென்ட்டில் இரண்டு எண்கள் இருக்கும். போன மாதம் எனக்கு வந்ததில் மொத்தத் தொகை 31,460. அதற்குக் கீழேயே, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 1,573. இந்தச் சின்ன எண்ணில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. அதை மட்டும் கட்டினால், மீதிக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பல கார்டுகளில் மாதத்துக்கு 3.75 சதவீதம், ஆண்டுக்கு 45. இருபதாயிரம் ரூபாய் பாக்கி நிற்கிறது என்று வையுங்கள். மாத வட்டி 750, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 135, ஆக 885 ரூபாய். அதே பாக்கி ஒரு வருஷம் நின்றால் பத்தாயிரத்துக்கு மேல் போய்விடும். 7,200 சம்பாதிக்கப் பத்தாயிரம் கொடுப்பது கெட்டிக்காரத்தனம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. பாக்கி வைக்கிறவர் இந்தப் பக்கம் வரவே கூடாது. முழுத் தொகையும் கெடு நாளுக்கு முன்பே கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம்தான் முதல் பாயிண்டை எண்ண வேண்டும்.

அக்கா இதிலேயே இன்னொன்றும் கேட்டார். 'உன் பாயிண்ட், யாரோ ஒரு ஏழை கட்டிய வட்டியிலிருந்து வந்தது இல்லையா?' அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. வங்கியின் கல்லாவில் கடைக்காரர் கொடுத்ததும் இருக்கிறது, வட்டியாக வந்ததும் இருக்கிறது. பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் என் பாயிண்டைத் தூக்கி எறிந்தால் அந்த ஏழையின் வட்டி ஒரு பைசா குறையுமா? அது வங்கிக்கே திரும்பிப் போகும். என் சித்தி மகன் இரண்டு வருஷமாகக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டி குறைந்த கூட்டுறவு நகைக்கடன் வாங்கி அந்தப் பாக்கியை அடைக்க வைத்தோம். இந்த விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் செய்ய வேண்டியது அதுதான்.

மூன்றாவது, ஜெட் ஏர்வேஸ். 2019 ஏப்ரல் 17 அன்று அதன் கடைசி விமானம் பறந்தது. மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் வேறு பெயரில் தொடர்ந்தது. ஆனால் எந்த விமானத்துக்காக மக்கள் சேர்த்தார்களோ அந்த விமானமே இல்லை. வலித்திருக்கும், மறுக்கவில்லை. அதே நாட்டில்தான் 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா என்ற விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதன் பாயிண்டுகள் ஏர் இந்தியா கணக்குக்கு மாறின. இரண்டையும் பார்த்து நான் கற்றது, பாயிண்ட் பால் மாதிரி, தங்கம் மாதிரி இல்லை என்பதுதான். நாள் பட வைத்திருந்தால் திரிந்துபோகும். வங்கி விதியை மாற்றும், விமான நிறுவனம் டிக்கெட்டுக்கான மைலை ஏற்றும். அதனால் சேர்ந்ததும் செலவழித்துவிட வேண்டும். இன்னொன்று, வங்கிப் பாயிண்டை மைலாக மாற்றிவிட்டால் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர முடியாது. நமக்கு வேண்டிய தேதியில் மைலுக்கு இருக்கை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பாயிண்ட் வெறும் காற்று என்றும் ஒரு வார்த்தை விழுந்தது. 2020-ல், கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே அடமானமாகக் காட்டி 680 கோடி டாலர் கடன் திரட்டியது. காற்றை எந்த அடகுக்கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார்?

நடுவர் அவர்களே, கணக்கெல்லாம் போதும். நான் இந்த அணியில் நிற்பதற்கு உண்மையான காரணம் என் அம்மா.

அப்பா போனபிறகு அம்மாவுக்கு ஒரே ஆசை, காசி. ரயிலில் இரண்டு நாள் உட்கார முழங்கால் விடாது. விமான டிக்கெட் போடட்டுமா என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். 'அவ்வளவு காசா? அதுக்குப் பேத்திக்கு ஒரு அரைக்கால் பவுனாவது எடு.' இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எல்லோருக்கும் அந்தப் பதில் தெரியும். நம் வீடுகளில் கையில் ரூபாய் வந்தால் அதற்கு ஆயிரம் வாய். பள்ளிக் கட்டணம், கல்யாண மொய், ஒழுகும் மேல்தளம். அம்மாவின் ஆசை அந்த வரிசையில் கடைசியில் நிற்கும், முன்னால் வரவே வராது.

போன வருஷம் தீபாவளி முடிந்ததும் சொன்னேன். 'அம்மா, மைல் சேர்ந்திருக்கு. இதை நகைக்கடையில வாங்கமாட்டாங்க, பள்ளிக்கூடத்துல வாங்கமாட்டாங்க. பறக்கத்தான் முடியும். விட்டா வீணாப் போயிடும்.' வீணாகப் போகும் என்ற சொல்லைக் கேட்டதும்தான் அம்மா எழுந்து உட்கார்ந்தார். பழையதைக்கூட வீணாக்காத கை அது. இருவருக்கும் டிக்கெட் மைலில். வரியும் கட்டணமும் மட்டும் ரூபாயாகக் கட்டினேன். ஓசி டிக்கெட் என்றாலும் அது உண்டு, மறைக்கவில்லை.

சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து வாரணாசி. டெல்லியில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். லவுஞ்சு, அதாவது சாப்பாடும் சாய்வு நாற்காலியும் உள்ள காத்திருப்பு அறை, அதன் வாசலில் கார்டைத் தேய்த்தார்கள், 2 ரூபாய் பிடித்ததாகப் போனில் குறுஞ்செய்தி வந்தது. அம்மா மடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம், வாழை இலையில் கட்டியது. 'ரெண்டு ரூபாய்க்கா இவ்வளவு?' என்று மெல்லக் கேட்டார். எடுத்துக்கொண்டது ஒரு கிண்ணம் தயிரும் ஒரு காபியும் மட்டும்தான். அப்புறம் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முழங்காலை மூடிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வேலையும் இல்லாமல் என் அம்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் விடியலில் படித்துறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி அப்பா பெயரைச் சொல்லி முழுகினார். அந்த மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் நடுவர் அவர்களே. இப்போதெல்லாம் நான் கடைக்குக் கிளம்பினால் அம்மா வாசல் வரை வந்து, 'அந்தக் கார்டை எடுத்துக்கிட்டியா?' என்று கேட்கிறார். சித்தியும் காசி பார்த்ததில்லையாம்.

நன்றி, வணக்கம்.