60 ரூபாய்க்குப் பழைய சோறு வாங்கிய கதை

வணக்கம் மக்களே. அதே மொட்டை மாடி, அதே தண்ணீர்த் தொட்டி. நடுவில் மோட்டார் போட்டால் சத்தம் வரும். போன தடவை திட்டினீர்களே, அதே மாதிரி இந்தத் தடவையும் திட்டிவிட்டுப் போங்கள். ஹாஸ்டல் சாம்பார் வீடியோவுக்கு இரண்டாம் பாகம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது இன்றைக்கு இல்லை. நேற்று கல்லூரியில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் 60 ரூபாய் கொடுத்துப் பழைய சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் கல்லூரியில் உணவுத் திருவிழா. 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று வாசலில் பெரிய பேனர். துறைக்கு ஒரு மாநிலம், சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எங்களுக்குப் பஞ்சாப். துப்பட்டாவைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு நம்ம ஊர் சப்பாத்தியைத் தந்தூரி ரொட்டி என்று விற்றோம், எனக்கே கூச்சமாக இருந்தது. இதற்குத் தலைக்கு 200 ரூபாய் வசூல். நான் இரண்டு தவணையாகக் கொடுத்தேன். இரண்டாம் தவணையைக் கேட்க எங்கள் வகுப்புப் பொறுப்பாளர் லேப் வாசலில் வந்து நின்றான், கடன்காரன் மாதிரி.

சரி, பழைய சோற்றுக்கு வருகிறேன். ஒடிசா கடை வேறொரு துறையுடையது. அங்கே 'பகாளா' என்று எழுதியிருந்தது. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏன் தெரியும் என்று அப்புறம் சொல்கிறேன். சோற்றில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் சாப்பிடுவது. அவ்வளவுதான். நம்ம வீட்டுப் பானையில் இருப்பதேதான். மேலே கொஞ்சம் தயிர், சுட்ட மிளகாய், ஒரு இலை புதினா. ஒடிசாக்காரர்கள் மார்ச் 20-ஐ இதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். நாம் பழைய சோற்றை யாருக்கும் தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம், பாருங்கள்.

உள்ளங்கை அளவு மண்சட்டி. நான் எண்ணினேன், ஆறு ஸ்பூன். ஸ்பூன் 10 ரூபாய். சுட்ட மிளகாய் இன்னொன்று கேட்டால் 5 ரூபாய் தனியாம். சரி, சட்டியையாவது எடுத்துக்கொண்டு போகலாம், பேனா வைக்க ஆகும் என்று பையில் போடப் போனால், 'சட்டி ரிட்டர்ன்' என்று கையை நீட்டுகிறார்கள். 60 ரூபாய்க்குச் சட்டியும் இல்லை! எங்கள் கேன்டீனில் 35 ரூபாய்க்கு எலுமிச்சைச் சாதம் கிடைக்கும், ஊறுகாயோடு. அங்கே சுவரில் 50 ரூபாய்க்குக் குறைந்தால் ஜிபே கிடையாது என்று ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றித் தனி வீடியோவே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏன் வாங்கினாய் என்பீர்கள். பசி. வேறு காரணம் இல்லை. என் கதை உங்களுக்குத் தெரியும். ஹாஸ்டலில் டிபன் 8 மணிக்கு, எனக்குப் பஸ் 7.35-க்கு. அந்தப் பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. ஆக, வாரத்தில் நான்கு நாள் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓட்டம். 11 மணி ஆங்கில வகுப்பில் என் வயிறு கத்தும். பழைய வீடியோவில் அதற்கு ரிங்டோன் என்று பெயர் வைத்தது நீங்கள்தான்.

நான் மட்டும் என்றால் பரவாயில்லை. போன மாதம் ஒரு மேடம், பாடம் நடுவில் நிறுத்தி, "காலையில் சாப்பிடாதவர்கள் யார்?" என்று கேட்டார். ஒரு கை தூக்கவில்லை. இத்தனைக்கும் எனக்குப் பக்கத்தில் இருப்பவன் சாப்பிடவில்லை, எனக்குத் தெரியும், ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். 'சாப்பிட்டாச்சா' என்று நாம் எதிரே வருகிற எல்லாரையும் கேட்கிறோம். எல்லாரும் 'ஆச்சு' என்கிறோம். அதற்கு 'இல்லை' என்று பதில் சொல்ல நமக்கு யாரும் பழக்கிவிடவே இல்லை. மேடமும் விடவில்லை. "சரி, எல்லாரும் கண்ணை மூடுங்கள், இப்போது தூக்குங்கள்" என்றார். நான் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன், தப்புதான். எண்ணி முடிப்பதற்குள் மூடிக்கொண்டேன். நிறைய.

இவ்வளவு கை இருக்கிற வகுப்பில் சாப்பாட்டுத் திருவிழாவுக்கு 200 ரூபாய் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரியாணிக் கடைப் பக்கம் நானும் நின்றேன்.

ஆ, சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் துறைக் கடைக்குப் பின்னால் ஒரு சார்ட் ஒட்ட வேண்டும், ஏதாவது எழுது என்று என்னிடம் கொடுத்தார்கள். பஞ்சாப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் எங்கள் வீட்டை எழுதினேன். 1956-ல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார், அதைப் பள்ளியில் சாப்பிட்டது என் தாத்தா. 1982 ஜூலை 1-ல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார், அந்த வருடம் என் அப்பா ஒன்றாம் வகுப்பு. அப்புறம் நான். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டத்தை ஸ்டாலின் தொடங்கினார், அதைச் சாப்பிடுவது என் அக்கா மகள். தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் ஆரம்பம் 1920, சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளி, நீதிக்கட்சிக்காரர் தியாகராயர் காலத்தில். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அரசாங்கத்துத் தட்டில் சாப்பிட்டு எழுத்துக் கற்றிருக்கிறோம். நாலாவது தலைமுறைக்குக் காலை டிபனே கிடைக்கிறது. திங்கட்கிழமை உப்புமாவை எடுத்துவிட்டுப் பொங்கல் சாம்பார் போடுகிறோம் என்று 2025-ல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். உப்புமாவுக்கும் எனக்கும் உள்ள பகை உங்களுக்குத் தெரியுமே, அன்றைக்கு நான் ஸ்டேட்டஸ் வைத்தேன். அக்கா மகளுக்கு உப்புமாதான் பிடிக்குமாம். என் ரத்தமா இது என்று சந்தேகம்.

சார்ட்டை யாரும் படிக்கவில்லை. அதன் மேலேயே விலைப்பட்டியலை ஒட்டிவிட்டார்கள். தாத்தா இருந்த பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது.

இப்போது பகாளா எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன். எங்கள் திருப்பூர் பள்ளியில் ஒரிசாப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனி. ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது அவனுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. முதலில் கற்றுக்கொண்டது 'போதும்'. ஆயாம்மா கரண்டியைத் தூக்கும்போது 'போதும்' சொல்லாவிட்டால் தட்டு நிறைந்துவிடும். இரண்டாவது கற்றது 'இன்னும்'. எங்கள் சாம்பாரைப் பார்த்து, அவர்கள் ஊர் தால்மா மாதிரி இருக்கிறது, ஆனால் புளிக்கிறது என்று முகத்தைச் சுளிப்பான். அவன்தான் பகாளாவைச் சொன்னவன். நான் 'அட, அது பழைய சோறுடா' என்றேன். அவன் 'இல்லை, பகாளா' என்றான். அந்தச் சண்டை ஒரு வருடம் ஓடியது. எட்டாம் வகுப்பு முடியும் சமயம் 2020 ஊரடங்கு வந்தது, குடும்பத்தோடு ஊருக்குப் போனவன்தான். அப்புறம் திரும்பி வரவில்லை. நேற்று அந்தப் பலகையைப் பார்த்ததும் அவன் ஞாபகம்தான். கடையில் இருந்தவர்களிடம் கேட்டேன், ஒரிசாக்காரர் ஒருவரிடமாவது கேட்டுச் செய்தீர்களா என்று. யூடியூப் பார்த்தார்களாம்.

அதற்காக எங்கள் பள்ளி வராந்தா சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் இரண்டு கூட்டம். தட்டுக்காரர்கள் வராந்தாவில், டப்பாக்காரர்கள் வேப்பமரத்தடியில். 'சத்துணவு' என்பதையே வசவாகச் சொன்னவர்கள் உண்டு. 2018-ல் எங்கள் மாவட்டத்திலேயே ஓர் ஊரில், பட்டியல் சமூகத்துப் பெண் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று சிலர் தகராறு செய்தது எல்லாச் செய்தியிலும் வந்தது. அந்த வாரம் எங்கள் வகுப்பில் ஒருவன் தட்டை விட்டுவிட்டு டப்பாவுக்கு மாறினான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஏழாம் வகுப்புப் பையன்களுக்கே புரிந்திருந்தது. ஆனால் முட்டை மணம் வந்தால் அவனால் மரத்தடியில் உட்கார முடியாது. தூணுக்குப் பின்னால் வந்து நிற்பான், நான் பாதி பிய்த்துக் கொடுப்பேன். மஞ்சள் கருப் பக்கம் எனக்கு. அதில் சமரசமே கிடையாது.

பதினொன்றாம் வகுப்புக்கு அதே பள்ளிதான். முதல் நாள் மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டேன். ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தார். "உனக்குப் பேர் இல்லையே கண்ணு, பத்தாவதோட முடிஞ்சுபோச்சே." சொல்லிக்கொண்டே அரைக் கரண்டி போட்டார். மறுநாள் நான் போகவில்லை. அந்த இரண்டு வருடமும் 12.40-க்குத் தாளிக்கிற வாசம் மட்டும் வகுப்புக்கு வரும். அது போன மாதம் வரை வயிற்றெரிச்சலாக இருந்தது, இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது: பதினைந்து வயது வரை பசிக்கும், பதினாறில் நின்றுவிடும் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள்?

கல்லூரியில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பையன்களுக்கு அரசாங்கம் தரும் தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாய் எனக்கு மாதாமாதம் வருகிறது. ரீசார்ஜ், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ் போக மீதி கேன்டீனுக்கு. எங்களைப் போன்ற அரசு கல்லூரி ஹாஸ்டலுக்கு ஒரு ஆளுக்கு மாத உணவுப் படி 1,500 ரூபாய். 2023-க்கு முன்னால் அது 1,100. முப்பதால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. நேற்று நான் வாங்கிய மண்சட்டி 60! என்னுடைய ஒரு நாள் முழுச் சாப்பாட்டையும் ஆறு ஸ்பூனில் முடித்துவிட்டேன். ராத்திரி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் படுத்தால் எப்படித் தூக்கம் வரும்? 2025-ல் எங்கள் ஹாஸ்டலுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெயர் எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. முன்பு எந்த ஹாஸ்டல் என்று சொன்னாலே சாதி தெரிந்துவிடும். சாம்பார் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

சரி, ஒரு நல்ல செய்தியோடு வந்தேன், அதை விட்டுவிட்டு எங்கெங்கோ போகிறேன். நேற்று ராத்திரி கோபத்தில் நேராகச் சமையல்கார அண்ணனிடம் போனேன். "அண்ணே, 7.15-க்கு இரண்டு இட்லி மட்டும் கட்டிக் கொடுப்பீங்களா?" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மாவு 6 மணிக்கே ஊத்திடுவேன்டா, இத்தனை நாள் ஒருத்தனும் கேக்கலையே." ஒன்றரை வருடம்! ஒன்றரை வருடம் ரிங்டோனோடு அலைந்திருக்கிறேன், இட்லி 6.30-க்கே தயாராக இருந்திருக்கிறது. வார்டன் மட்டும் பெயர்ப் பட்டியல் கேட்டார். காலையில் எழுதி மாட்டினேன். மதியத்துக்குள் 14 பெயர். அன்றைக்கு வகுப்பில் என் பக்கத்தில் கை தூக்காமல் இருந்தவன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. சட்னி கிடையாது, ஒழுகும் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். பொடியும் எண்ணெயும்தான்.

இதோ டப்பா. கேமராவில் தெரிகிறதா? நான்கு பக்கமும் கிளிப். கடைக்காரர் 160 சொன்னார், 130-க்கு முடித்தேன், இருபது நிமிடம் பேரம். தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடிக்கிறேன், பாருங்கள்... ம். இந்த மூலையில் கொஞ்சம் கசிகிறது. பொடிதானே, பரவாயில்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, இட்லி கிடையாது என்பதை இப்போதுதான் ஹாஸ்டல் டிபன் பட்டியலில் பார்க்கிறேன். என்ன போடுகிறார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயரை நான் வாயால் சொல்ல மாட்டேன். மோட்டார் போட்டுவிட்டார்கள், கேட்கிறதா? வைக்கிறேன்.