முதலில் கல்லைப் புரட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாடு போகும்போது பெட்டிக்குள் ஒரு தூண்டில் கோலையும் வைத்துக் கொண்டு போகிறவர்கள் நம்மிடையே இப்போது இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: முன்பின் பார்த்திராத ஆற்றில் எங்கே தொடங்குவது? எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆற்றை வைத்தே பதில் சொல்கிறேன். நியூசிலாந்தின் தென்கோடியில், சவுத்லாந்து வட்டாரத்தில் ஓடும் மட்டௌரா.

ஏர் மலைத்தொடர்ப் பக்கம் பிறந்து, ஆட்டு மேய்ச்சல் நிலங்களின் நடுவே சுமார் 190 கிலோமீட்டர் ஓடித் தென்கடலில் சேர்கிறது. வழியில் கோர் என்று ஒரு சிற்றூர். அங்கே சாலையோரத்தில் பிரவுன் ட்ரவுட் மீனுக்குப் பெரிய சிலையே வைத்திருக்கிறார்கள். அந்த மீனுக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை.

ஆனால் ட்ரவுட் அந்த மண்ணின் மீன் இல்லை. 1864-இல் இங்கிலாந்திலிருந்து அதன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, பாய்மரக் கப்பலில் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து 1867-இல் நியூசிலாந்துக்கு வந்தது. நம் நீலகிரி அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் வந்ததும் இதே ஆங்கிலேயர் காலத்து ஆசையால்தான். இந்த ஆசைக்கு விலை உண்டு. நியூசிலாந்தின் சொந்தச் சிறுமீன்கள் பல ஓடைகளில் ட்ரவுட்டுக்கு இரையாகிக் குறைந்துபோயின. அந்த ஆற்றில் இறங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

நான் சொல்வது ஃப்ளை ஃபிஷிங் என்ற முறையைப் பற்றி. இதில் புழுவும் கிடையாது, தக்கையும் கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த போலிப் பூச்சிதான் இரை. அதற்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. கோலை வீசும்போது கனமான கயிறுதான் காற்றில் நீண்டு பூச்சியைக் கொண்டுபோகிறது. கயிற்றின் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய தங்கூசி நரம்பு. ஆகவே எந்தப் பூச்சியைக் கட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் ஆற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

கரைக்குப் போனதும் கோலைக் கீழே வையுங்கள். முழங்கால் ஆழத்தில், தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் ஒரு கல்லை எடுத்துப் புரட்டுங்கள். மட்டௌராவில் அந்தக் கல்லின் அடியில் தட்டையாக, பழுப்பு நிறத்தில், மூன்று வால் இழைகளோடு சிறு பூச்சிகள் ஒட்டிக் கிடக்கும். வெளிச்சம் பட்டதும் நிழல் பக்கமாக ஓடும். உற்றுப் பார்த்தால் உடம்பின் இரு பக்கமும் செவுள்கள் படபடவென்று துடிப்பது தெரியும். இவை மேஃப்ளை என்ற சிறகுப் பூச்சியின் இளம் பருவம். மேகம் மூடி, லேசாகத் தூறுகிற நாளில் இவை கூட்டம் கூட்டமாக மேலே வந்து சிறகு விரிக்கும். அப்போது ட்ரவுட் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதையே தின்னும். உள்ளூர்க்காரர்கள் மழைமேகத்தைப் பார்த்துவிட்டு வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புவது இதற்காகத்தான். வெயில் அடிக்கும் நாளைத்தான் நல்ல நாள் என்று நினைக்கும் சுற்றுலாப் பயணிக்கு இது புரிய நேரமாகும். ஆக, கல்லடியில் பார்த்த பூச்சியைப் போன்ற போலியையே கட்டுங்கள்.

அடுத்தது பார்ப்பது. மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்திருக்கும்; அதன் பின்னாலிருந்து, கீழிருந்து மேலாக நடந்து வர வேண்டும். வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் சந்திக்கிற கோட்டில், வில்லோ மரத்தடி மடுவில், பாறையின் பின்புறத்தில் கண்ணை வையுங்கள். முழு மீனும் தெரியாது. வாயைத் திறக்கும்போது வெள்ளையாக ஒரு கணம் மின்னும், அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பழகியவருக்கு ஆறு முழுக்க மீன் தெரியும். வீசிய பிறகும் வேலை இருக்கிறது. நடுவிலிருக்கும் வேக ஓட்டம் கயிற்றை இழுத்தால் பூச்சி தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்த நிஜப் பூச்சியும் அப்படி ஓடாது. கயிற்றை உடனே தூக்கி, நீர் வரும் திசைப் பக்கமாகப் போட்டுத் தளர்த்திவிட வேண்டும்.

நாட்டு நடப்பையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய மீன்பிடி பருவம். நமக்கு மார்கழி என்றால் அங்கே கோடை. 'ஃபிஷ் அண்ட் கேம்' அமைப்பின் உரிமச் சீட்டு வாங்காமல் கோலைத் தொடக்கூடாது. வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். ஒரு நாளில் எத்தனை மீன், என்ன அளவு என்பது அந்தந்த ஆற்றின் விதியைப் பொறுத்தது. பிடித்த மீனை நீங்கள் சாப்பிடலாம், விற்கக் கூடாது. அந்நாட்டில் ட்ரவுட்டை விற்பதே சட்டப்படி குற்றம், அதனால் எந்த உணவகத்தின் பட்டியலிலும் அது இருக்காது. எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் பெரிய மதிப்பு. ஆற்று மீன் சந்தைக்குப் போகாமல் காப்பாற்றியது அதுதான். இன்னொருவர் ஏற்கெனவே கரையில் நின்றால், "எந்தப் பக்கம் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடங்கள். அவருக்கு முன்னால் போய் இறங்குவதை அங்கே யாரும் மன்னிப்பதில்லை.

முக்கியமான ஒன்று சுத்தம். 2004-இல் சவுத்லாந்தின் வையாவு ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாத உயிரி. பெருகிவிட்டால் கற்களின் மேல் கம்பளி போலப் படர்ந்து பூச்சிகளின் இருப்பிடத்தை மூடிவிடும். ஈரமான காலணியில் ஒரு துளி போதும், அடுத்த ஆற்றுக்குத் தொற்றிக்கொள்ளும். அதனால்தான் ஈரத்தை உறிஞ்சி வைக்கும் ஃபெல்ட் (கம்பளி போன்ற அழுத்திய துணி) அடி வைத்த காலணிகளுக்கு அங்கே தடை. பயன்படுத்திய தூண்டில் சாமான் கையில் இருந்தால் விமான நிலையத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காலணியிலும் சாமான்களிலும் ஒட்டிய பாசியை எடுத்துவிட்டு, அவற்றைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நனைத்து எடுக்க வேண்டும். காயவைப்பதானால், உள்ளும் புறமும் ஈரம் போன பிறகு இன்னும் 48 மணி நேரமாவது விட வேண்டும். பல ஆறுகளைப் பார்க்க நினைப்பவர்கள் இந்த நேரத்தையும் சேர்த்தே பயணத்தைத் திட்டமிடுங்கள். வணக்கம்.